பதினைந்து வருஷ அட்டை

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. வீட்டில் அனைவரும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை, ஆனால் இந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர், அதில் ஒருத்திக்கு நலமில்லை, ஆகவே அந்த வரியை உன் பக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் காகிதத்தில் ஏன் எழுதுகிறார் என்று நினைப்பாய். ஆறு வருஷமாக நீ போன் செய்தால் "அம்மாகிட்ட குடுங்க" என்பதற்கு மேல் எனக்கு ஒரு வார்த்தை கிடைத்ததில்லை. வீட்டில் இருக்கும் ஒரே போனும் அம்மா கையில்தான் இருக்கிறது, நான் எதை அனுப்பினாலும் அவள் படித்துவிடுவாள். கடிதம் என்றால் நீ கிழித்துப் போடுவதற்கு முன் முதல் பக்கத்தையாவது பார்ப்பாய், ஆகவே முக்கியமானதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன். அம்மாவின் கழுத்தில் இருக்கும் கட்டியை இந்த மாதம் பத்தொன்பதாம் தேதி அறுத்து எடுக்க வேண்டும். அவள் மாட்டேன் என்கிறாள். அந்த மாட்டேனுக்கு நீயும் துணை போயிருக்கிறாய்.

கட்டி இருப்பது உனக்குத் தெரியும், எந்த அளவில் இருக்கிறது என்பது தெரியாது, அம்மா சொல்லியிருக்க மாட்டாள். இப்போது எலுமிச்சை அளவு. படுத்தால் மூச்சு இழுக்கிறது, இரண்டு தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்தபடிதான் தூங்குகிறாள். ஊசி குத்தி எடுத்த பரிசோதனையிலும் சந்தேகம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். போன வாரம் ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா மருந்துச்சீட்டின் பின்பக்கம் ஒரு குழாயை வரைந்து, அது ஒரு பக்கமாக வளைந்து நிற்பது போலப் போட்டுக் காட்டினார். "அம்மா, இது உங்க மூச்சுக்குழாயத் தள்ளிட்டே போகுது. இன்னும் கொஞ்சம் தள்ளுச்சுன்னா அப்புறம் நானே கத்திய எடுக்கப் பயப்படுவேன்" என்றார். குரல் போய்விடுமா என்று அம்மா கேட்டதற்கு, "நூறு பேர்ல ரெண்டு மூணு பேருக்குக் கம்மிப் போகும். பொய் சொல்ல மாட்டேன்" என்றார். இந்தத் தேதியை விட்டால் அடுத்தது மூன்று மாதம் கழித்துத்தான். கையெழுத்துப் போட வேண்டிய சம்மதத் தாளைக் கொடுத்து, புதன்கிழமைக்குள் திருப்பித் தராவிட்டால் தேதி வேறு ஆளுக்குப் போய்விடும் என்றும் சொன்னார். அம்மா அந்தத் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "எனக்கு இன்னும் பதினஞ்சு வருஷம் இருக்கு டாக்டர்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அந்தப் பதினைந்து வருஷம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். நீ போன பிறகு பேட்டரிக் கடை மாடியில் இருக்கும் நம் ஜெபவீட்டில் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. வருஷத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு பிஸ்கட் டின்னில் வசன அட்டைகளைப் போட்டு வரிசையாக நீட்டுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும், எடுத்தது அந்த வருஷத்துக்குக் கடவுள் உனக்கென்று சொன்ன வாக்கு. இந்த வருஷம் அம்மா எடுத்த அட்டையில் இருந்தது, உன் ஆயுளில் இன்னும் பதினைந்து வருஷத்தைச் சேர்த்துத் தருகிறேன் என்பது. இப்போதைய போதகரை நீ பார்த்ததில்லை, சின்ன வயசு, மைக் இல்லாமல் பேசினாலே தெருமுனை வரை கேட்கும், அதனால் அவருக்கு நான் மைக்செட் என்று பெயர் வைத்திருக்கிறேன், அது அவருக்கும் தெரியும். அவர் அட்டையை வாங்கி உரக்க வாசித்துவிட்டு, "அம்மாவுக்கு இப்ப அறுபத்தொண்ணு. எழுபத்தாறு வரைக்கும் கர்த்தர் சீட்டு எழுதிக் குடுத்துட்டாரு" என்றார், எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த மாதமே கட்டி வெளியே தெரிய ஆரம்பித்தது. பக்கத்துத் தெருத் தையற்கார அக்கா வந்து பார்த்துவிட்டு, "பாத்தீங்களா, வியாதி வர்றதுக்கு முன்னாடியே பதில் வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அம்மா கழுத்தில் ஒரு ஸ்கார்ஃப், கையில் அந்த அட்டை. நான் வாயைத் திறந்தால் அட்டையைக் காட்டுவாள். இதற்கு மேல், போன வெள்ளிக்கிழமை நீ போனில், "உன் மனசுக்கு எது நிம்மதியோ அதப் பண்ணும்மா" என்றாய். அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நானும் கேட்டேன். வழக்கில் ஜெயித்தவர்கள் எதிராளியை ஒரு பார்வை பார்ப்பார்களே, அந்தப் பார்வையை என்மேல் வைத்துவிட்டுப் போனை அணைத்தாள். நீ ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். தினம் அடுத்தவர் எலும்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இது இங்கே உடைந்திருக்கிறது என்று சொல்கிறவள். பெற்ற தாயிடம் மட்டும் உன் நிம்மதி உன் இஷ்டம் என்று சொல்ல உனக்கு எப்படி மனம் வந்தது?

அந்த வாக்கு யாருக்குச் சொன்னது என்று உனக்கு ஞாபகம் இருக்காது, ஞாயிறு மதியம் நான் வாசிக்கும்போது நீ தூங்கி விழுவாய், திரும்பவும் சொல்கிறேன். எசேக்கியா என்ற ராஜா சாகக் கிடந்தான், அவனுக்கு ஒரு கட்டி. ஏசாயா தீர்க்கதரிசி வந்து, வீட்டுக் காரியங்களை ஒழுங்கு செய்துகொள், நீ பிழைக்க மாட்டாய் என்று சொல்லிவிட்டுப் போனார். ராஜா சுவர்ப்பக்கம் திரும்பி அழுதான். தீர்க்கதரிசி அரண்மனை முற்றத்தைத் தாண்டுவதற்குள் கடவுளின் சொல் மாறியது, திரும்பிப் போய்ப் பதினைந்து வருஷம் கொடுத்தேன் என்று அவனிடம் சொல் என்று. பிறகு நிழல் பின்னோக்கி நகர்ந்த அதிசயம், பிறகு பிழைத்த ராஜா பாடிய பாட்டு. பாட்டு முடிந்ததும் எல்லோரும் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். பாட்டுக்குப் பிறகு இரண்டே வசனம் மிச்சம் இருக்கிறது. அதில் ஒன்றில் ஏசாயா, அத்திப்பழத்தை அடையாகத் தட்டிக் கட்டியின்மேல் வைத்துக் கட்டுங்கள், பிழைப்பான் என்கிறார். அதாவது மருந்து. ஏதோ மறந்துபோய்க் கடைசியில் ஒட்டினது போல இருக்கிறதே என்று நானும் பல வருஷம் தாண்டிப் போயிருக்கிறேன். ஆனால் இதே சம்பவம் இராஜாக்களின் புத்தகத்திலும் இருக்கிறது, அங்கே வரிசை வேறு. பதினைந்து வருஷம் என்ற வாக்கு, அதை அடுத்த வரியிலேயே அத்திப்பழம், அதற்கு அப்புறம்தான் அதிசயம். பாட்டே கிடையாது. எபிரேயர்கள் இராஜாக்களின் கதையையும் தீர்க்கதரிசிகள் என்ற ஒரே தலைப்பின் கீழ்தான் வைத்திருக்கிறார்கள் என்று எங்கள் அச்சகத்துக்கு வந்த ஒரு பழைய முன்னுரைத் தாளில் படித்தேன். கதையும் வாக்கும் ஒரே தையலில் இருக்கிறவை, பிரித்து எடுத்தால் இரண்டும் உதிரும். வாக்குக் கொடுத்த அதே வாய்தான் மருந்தும் சொல்லிற்று. எரேமியா தீர்க்கதரிசி குயவன் வீட்டில் நின்று கற்றுக்கொண்டதும் இதுதான். மண் சக்கரத்தில் இருக்கும்வரை பாத்திரம் முடிவானதில்லை, கேட்கிறவன் என்ன செய்கிறான் என்பதைப் பார்த்துச் சொன்ன சொல் திரும்பும். கெட்டதும் நல்லதாகத் திரும்பும், நல்லதும் கெட்டதாகத் திரும்பும். இந்த இரண்டாவது பாதியை ஒருவரும் வாசிப்பதில்லை.

இதைத்தான் போன புதன்கிழமை வேத வாசிப்பில் கேட்டேன். கேள்வி இருந்தால் கேளுங்கள் என்று மைக்செட் சொல்வது வழக்கம், யாரும் கேட்பதில்லை என்பது அவருக்கு இருக்கும் தைரியம். நான் மடக்கு நாற்காலியிலிருந்து எழுந்து, அத்திப்பழ வசனத்தை வாசியுங்கள் பாஸ்டர் என்றேன். வாசித்தார். "அது அந்தக் காலத்து மருந்து அண்ணே. இப்ப நம்மகிட்ட விசுவாசம் இருக்கு" என்றார். நான் விடவில்லை. "அப்ப அந்தக் காலத்துல விசுவாசம் இல்லையா? ராஜாவுக்குக் குடுத்த வருஷம் மட்டும் பஸ் ஏறி இங்க வந்துடும், ராஜாவுக்குப் போட்ட மருந்து அங்கயே நின்னுடுமா?" என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் முகம் சிவந்துவிட்டது. "தீர்க்கதரிசனத்தத் தர்க்கம் பண்ணக் கூடாது. நான் மூணு வருஷம் வேதக் கல்லூரியில படிச்சிருக்கேன்" என்றார். நான், "முப்பத்தோரு வருஷம் அச்சகத்துல காகிதம் வெட்டுனவன் நான். ஒரு தாள எந்த இடத்துல வெட்டுனா அர்த்தம் போகும்னு எனக்குத் தெரியும்" என்றேன். இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் கையை நீட்டி அந்த அட்டையை வாங்கினார். இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, மெதுவாக, அவர் மெதுவாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன், "இந்த வசனத்தத் தேடிக் குடுத்தது யாரு? அட்டை அடிச்சது யாரு? வெட்டுனது யாரு அண்ணே?" என்றார். மொத்தக் கூடமும் சிரித்தது. தையற்கார அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

நான்தான். நாலு வருஷத்துக்கு முன்பு அச்சகத்தில் மிஞ்சிய கெட்டி அட்டைகள் வீணாகக் கிடந்தன, அட்டை அடித்துத் தர முடியுமா என்று இதே மைக்செட்தான் கேட்டார், நான் நானூறு வசனம் பொறுக்கிக் கொடுத்தேன். பாதிக்கு மேல் தீர்க்கதரிசிகளிடமிருந்து எடுத்தேன், அந்தப் பக்கங்களில் எனக்குத்தான் பழக்கம் என்று எல்லோருக்கும் தெரியட்டும் என்று. அட்டை விரல் நீளம், மூன்று வரிதான் கொள்ளும். அந்த வசனம் ஐந்து வரி வந்தது. நீ போய் எசேக்கியாவிடம் இதைச் சொல் என்ற முன்பகுதியை எடுத்துவிட்டேன். ஒருவனுக்கு எழுதின கடிதத்தில் அவன் பேரையும் முகவரியையும் வெட்டிவிட்டு ஊரில் இருக்கும் எல்லாக் கதவுக்கு அடியிலும் தள்ளிவிட்டது போன்ற வேலை. கட்டிங் மிஷினில் பிளேடு இறங்கும்போது ஒரு சத்தம் வரும், ஐநூறு தாளும் ஒரே அடியில் போகும், எது போகிறது என்று நின்று பார்க்க மாட்டோம். இன்னொன்றும் யோசித்துப் பார்த்தேன். நீ பிழைக்க மாட்டாய் என்றதும் அதே ஏசாயாதான், அதை நான் எந்த அட்டையிலும் போடவில்லை. யார் போடுவார்கள்? எரேமியாவின் நாளில் அனனியா என்று ஒருவன் இருந்தான், இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஜனங்களுக்கு இனிக்க இனிக்கச் சொன்னவன். எரேமியா அவனிடம், அப்படியே நடந்தால் எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் நமக்கு முன்னால் இருந்தவர்கள் யாரும் இப்படி இனிப்பாக மட்டும் பேசவில்லையே என்று சொல்லிவிட்டுத் தன் வழியே போனார். நான் இத்தனை வருஷம் எரேமியா பக்கம் நிற்பதாக நினைத்துக்கொண்டு அனனியாவுக்கு அட்டை வெட்டியிருக்கிறேன். அப்பா தப்பை ஒப்புக்கொள்கிறார் என்று உடனே சந்தோஷப்படாதே. வெட்டினது தப்பு. நான் சொன்ன அர்த்தம் சரி. அதில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன்.

ஆகவே நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே அம்மாவுக்குப் போன் செய்து, கட்டியை எடுத்தே ஆக வேண்டும் என்று சொல். நிம்மதி, இஷ்டம் என்ற பேச்செல்லாம் வேண்டாம். நீ ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள், நீ சொன்னால் கேட்பாள். நான் சொன்னால் அது அப்பாவின் பிரசங்கம். கடிதம் உனக்கு வந்து சேர நாலு நாள் ஆகும், புதன்கிழமைக்குள் வராது என்பது எனக்குத் தெரியும், அதுவரை அந்தத் தேதியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடாதீர்கள் என்று டாக்டரம்மாவின் காலில் விழுந்தாவது கேட்டுக்கொள்கிறேன்.

இன்று திங்கட்கிழமை. மேலே இருப்பதை நேற்று எழுதி, ஒட்டாமல் புத்தகத்துக்குள் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அம்மா மேஜையில் உட்கார்ந்து முழுவதையும் படித்து முடித்திருந்தாள். கிழித்துவிட்டு வேறு எழுதச் சொல்வாள் என்று நினைத்தேன், சொல்லவில்லை, நானும் கிழிக்கப் போவதில்லை, எழுதினது எழுதினதாகவே இருக்கட்டும். ஸ்கார்ஃபைக் கழற்றி நாற்காலியில் போட்டிருந்தாள். "முடிஞ்சிருச்சா, இன்னும் இருக்கா?" என்றாள். குரல் இப்போதே கரகரத்துப் போயிருக்கிறது. இருக்கிறது என்றேன். "அப்ப இதையும் சேத்து எழுதுங்க. அந்த அட்டைய நான் எடுக்கல. எடுத்து வெச்சிருந்தேன்" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. போன டிசம்பரிலும் வழக்கம்போல அச்சகத்தில் வைத்திருக்கும் அட்டைக் கட்டுகளைக் கொண்டுவந்து இதே மேஜையில் கலந்து அடுக்கினோம், அவளும் கூட உட்கார்ந்திருந்தாள். அதற்கு ஒரு மாதம் முன்பே, குளிக்கும்போது, கழுத்தில் இருந்த கட்டி அவள் கையில் தட்டுப்பட்டிருக்கிறது. ஒருவரிடமும் சொல்லவில்லை. அடுக்கும்போது இந்த அட்டை கண்ணில் பட்டதும் எடுத்து மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டாளாம். "டின்னுக்குள்ள நான் வெறுங்கைய விடல. கைலயேதான் இருந்துச்சு. எல்லாரும் கைதட்டுனாங்க, எனக்கு அழுகை வந்துடுச்சு. சந்தோஷத்துல அழறேன்னு நெனச்சாங்க" என்றாள். மகளே, இது உனக்கும் எனக்கும் மட்டும். மைக்செட்டுக்கும் தையற்கார அக்காவுக்கும் போகக் கூடாது.

அப்படியானால் அந்த வசனம் வரும் முழு அதிகாரமும் உனக்குத் தெரியுமா என்று அவளிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாத கேள்வி. "இந்த வேதத்தப் பன்னெண்டு தடவ வாசிச்ச மனுஷன்கூட முப்பத்தஞ்சு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். எனக்கு அத்திப்பழம் தெரியாதா?" என்றாள். "சரி, நீங்க சொல்லுங்க. அந்தப் பதினஞ்சு வருஷத்துல ராஜா வீட்டுல என்ன நடந்துச்சு?" தூதர்கள் வந்தார்கள், பொக்கிஷ அறையைத் திறந்து காட்டிப் பெருமையடித்தான் என்றேன். "அது இல்ல. மகன் பொறந்தான். மனாசே. அவனுக்குப் பட்டம் கட்டுறப்ப வயசு என்ன?" பன்னிரண்டு என்று வாயில் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்பன் செத்ததும் பட்டம், வயது பன்னிரண்டு, அப்படியென்றால் கூட்டிக் கொடுத்த வருஷத்துக்குள்தான் அவன் பிறந்திருக்கிறான். அந்த வம்சத்திலேயே மோசமான ராஜா அவன். நகரத்தை ரத்தத்தால் நிரப்பினவன், பின்னால் வந்த அழிவுக்கே அவனைத்தான் காரணம் காட்டுகிறார்கள். பன்னிரண்டு தடவையும் இந்த இரண்டு இடங்களை நான் சேர்த்துப் பார்த்ததில்லை. "வருஷம் கூடுனா நல்லதுதான் நடக்கும்னு யாருங்க சொன்னது? நான் அந்த அட்டைய நம்பி வெச்சிருக்கல. கைல புடிச்சிக்க ஏதாவது வேணுமா வேணாமா?" என்றாள்.

அவள் அதோடு விடவில்லை. "ரெண்டு புத்தகத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தீங்கல்ல. வரிசை மாறுது, மாறுதுன்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கீங்க. ரெண்டுலயும் மாறாம முன்னாடி நிக்குது ஒண்ணு, அதப் பாத்தீங்களா?" என்றாள். என்ன என்றேன். "சுவரு" என்றாள். "வருஷத்துக்கு முன்னாடி, மருந்துக்கு முன்னாடி, சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டு அழுதான். அவன் அழுதப்ப ஏசாயா எங்க இருந்தாரு? வெளிய போயிருந்தாரு. நீங்க வெளியவே போகலையே. ஸ்கேன் ரிப்போர்ட்டு வந்த அன்னிக்கே நோட்ட எடுத்துக்கிட்டு எனக்கு எதிர்ல உக்காந்துட்டீங்க. ரெண்டு அறை வீடு. நான் எங்க போயி அழறது?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. முனையில் இருக்கும் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன், நாலு பஸ் வந்து போயின, டிரைவர்கள் எனக்காக வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுத் திட்டிக்கொண்டே போனார்கள். ஏசாயா முற்றத்தில் பாதி வழியில் நின்றபோது என்ன நினைத்திருப்பார் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. நான் நினைத்தது, அவள் சொன்ன அர்த்தத்தில் எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று. ஒன்றரை மணி நேரம் தேடினேன், இல்லை. திரும்பி வந்தபோது குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள், கண் இரண்டும் வீங்கியிருந்தன, சாப்பாடு வைக்கட்டுமா என்று கேட்டாள். வை என்றேன். அவ்வளவுதான் பேசினோம்.

நேற்று அதோடு நிறுத்திவிட்டேன், இன்று செவ்வாய்க்கிழமை. காலையில் அம்மா சம்மதத் தாளை விரித்துக் கையெழுத்துப் போட்டாள். யாரும் சொல்லவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் ஒரு வரி விடாமல் படித்த பிறகுதான் போட்டாள். அதற்குக் கீழே உறவினர் கையெழுத்து என்று ஒரு கோடு இருக்கிறது. நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். "நீங்க வேணாம்" என்றாள். நான் புருஷன்தானே என்றேன். "நீங்க போட்டா ஜெயிச்ச மாதிரி போடுவீங்க. மக வந்து போடட்டும்" என்றாள். "நான் இருக்குற வீட்டுக்கு அவ வர மாட்டா, உனக்கே தெரியும்" என்றேன். "அது உங்க பாடு" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

என் பாடு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். நீ வேலைக்குக் கிளம்பின அன்று, பெட்டிகள் வாசலில் இருக்க, மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் நிற்க, யோனா மாதிரி ஓடுகிறாய், கப்பல் கவிழாமல் பார்த்துக்கொள் என்று சொன்னேன். உன் மாமியார் அந்த வார்த்தையை இன்றைக்கும் ஞாபகம் வைத்திருப்பதாகக் கேள்வி. யோனாவின் புத்தகம் நாலே அதிகாரம். கடவுள் போகச் சொன்ன ஊருக்குப் போகாமல் ஓடினவன் முதல் அதிகாரத்தில் இருக்கிறான், அதை வெட்டி உன்மேல் ஒட்டினேன். உன்னை எந்த ஊருக்கும் போகாதே என்று கடவுள் சொன்னதாக எனக்கு ஒரு தகவலும் இல்லை, போகாதே என்றது நான். நாலாம் அதிகாரத்தில் யாரும் ஓடவில்லை. அங்கே ஒருவன் ஊருக்கு வெளியே நிழலுக்குக் குடிசை போட்டுக்கொண்டு, நான் சொன்னபடி நடக்கவில்லையே என்ற கோபத்தில் உட்கார்ந்திருக்கிறான். அவனைப் பார்த்துக் கடவுள் ஒரு கேள்வி கேட்கிறார், புத்தகம் அந்தக் கேள்வியோடு நின்றுவிடுகிறது, அவன் பதில் சொன்னதாக இல்லை. அந்த அதிகாரத்தில் நீ எங்கேயும் இல்லை. உட்கார்ந்திருக்கிறவன் நான். இதை மன்னிப்புக் கேட்டதாக எடுத்துக்கொள்ளாதே. ஒழுங்காக வாசித்ததாக எடுத்துக்கொள்.

தாளை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்துதான் இந்தக் கடைசிப் பக்கத்தை எழுதுகிறேன். கவுன்ட்டரில் இருந்த பெண் புரட்டிப் பார்த்துவிட்டு, "உறவினர் கையெழுத்து இல்லையே சார், நீங்க யாரு?" என்றாள். கணவன் என்றேன். "அப்ப போட்டுடுங்க, வேலை முடிஞ்சிருச்சு" என்று பேனாவைத் தள்ளினாள். எனக்குப் பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். ஒரு நொடி வேலை, போட்டிருந்தால் அம்மாவுக்கு அறுவை நிச்சயமாகியிருக்கும், உன் வரவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லாமல் போயிருக்கும். மகள் வந்து போடுவாள் என்றேன். "எப்ப வருவாங்க?" என்றாள். தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது, வருவாள் என்று மட்டும் சொன்னேன். பத்தொன்பதாம் தேதியை அம்மா பேரில் எழுதிக்கொண்டாள். முந்தின நாள் மாலை நாலு மணிக்குள் அந்தக் கோட்டில் கையெழுத்து இல்லாவிட்டால் ஆபரேஷன் தியேட்டருக்குள் எடுத்துப் போக மாட்டார்கள். நீ வராவிட்டாலும் நான் போட்டுவிடலாம், சட்டப்படி தடை இல்லை. ஆனால் அம்மா கவுன்ட்டருக்கே வந்து அந்தத் தாளைக் கிழித்துவிடுவாள், உனக்கு அவளைத் தெரியும், இந்த வீட்டில் பிடிவாதம் எனக்கு மட்டும் இருக்கிறது என்று நீ நினைத்தால் அது உன் தப்பு.

போனில் அம்மாவிடம் முந்தாநாள் நான் எழுதினபடி எதுவும் சொல்லாதே. எடுத்துக்கொள் என்றும் சொல்லாதே, நிம்மதி என்றும் சொல்லாதே. அவள் அழுதால் போனை வைத்துவிடாமல் இரு, அது போதும். இங்கே வந்தால் முன்னறையில் நீ தங்கிக்கொள், நான் அச்சகத்தில் படுத்துக்கொள்வேன், என்னோடு பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பயணத்தில் தண்ணீர் காய்ச்சினதாகப் பார்த்துக் குடி. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் தனியாகவே வா, அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, இதைச் சொல்லிவிடு. கடவுள் உன்னை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும், உன் கையும் கண்ணும் எப்போதும் சுகமாக இருக்கட்டும், இது வசனம் இல்லை, நானே சொல்கிறேன். மறக்காதே, இரண்டாம் மாடி, ஏழாம் எண் கவுன்ட்டர், அடையாள அட்டை வேண்டும், பதினெட்டாம் தேதி நாலு மணிக்கு முன்னால். உன் பேரை அந்தப் பெண்ணிடம் சொல்லி எழுதி வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னை எதிர்பார்த்திருக்கும்
அப்பா